அக்காவின் மீதி வாக்கியம்

“...ரெண்டு வாரமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு என்ன தோணுதுன்னா, அந்தக் கடலோரக் கடைக்கு நான்...”

“போகலைன்னு சொல்லப்போற. நல்ல முடிவு. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அந்தத் தட்டைக் கொஞ்சம் இப்படி நகர்த்து.”

“நான் இன்னும் சொல்லியே முடிக்கலடி.”

“நீ முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா எனக்குத் தலை நரைச்சிடும். உனக்குச் சிரமமே வேண்டாம்னு உங்க முதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன். காலையில பஸ் நிறுத்தத்துல பாத்தேன். அக்கா அங்கல்லாம் வராது சார், வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு தன்மையாத்தான் சொன்னேன்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்தில் நின்றவள் அக்காதான். அவள் அசையவில்லை. தங்கையோ, முதலாளி பிடித்திருந்த குடையில் ஒரு கம்பி எப்படி நெளிந்து தொங்கியது, அதன் வழியாக மழைத்தண்ணீர் எப்படி நேராக அவர் சட்டைப்பைக்குள் இறங்கியது என்ற வர்ணனையில் முழுகிக் கிடந்தாள். தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்ட கரும்பலகைபோல இருந்தது.

அக்கா அடுப்பை அணைத்தாள். மேடையைத் துடைத்தாள். பிறகு, கண்ணாடிச் சட்டத்தில் வில்லையைப் பொருத்துகிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“சனிக்கிழமை என் வாயால பதில் சொல்லணும்னு அவர் சொல்லியிருந்தார். போறதா வேண்டாமான்னு எனக்கே தெரியலை. வாய்விட்டுப் பேசிப் பாத்தா தெரியும்னு நெனச்சேன். பேசறதுக்கு எனக்கு நீ ஒருத்திதான் இருக்க. ஒவ்வொரு தடவையும் என் வாக்கியத்துல பாதியை நீ தின்னுட்டுப் போயிடற. இனிமே உன்கிட்ட நான் ஒண்ணும் பேசறதா இல்ல.”

“கோவத்துல சொல்ற. நாளைக்குச் சரியாயிடும்,” என்று அதற்கும் ஒரு முடிவைத் தங்கையே தைத்துக் கொடுத்தாள்.

சரியாகவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டு அறையில் ஒருவரை உட்காரவைத்து, கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். இதுவா அதுவா என்று ஜென்மம் முழுக்கத் தடுமாறுகிறவர்கள்கூட அந்த நாற்காலியில் அவசரமில்லாமல் தடுமாறலாம். அந்தக் கடைக்காரர் ரயிலில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு கடற்கரை ஊரில் புதுக்கிளை திறக்கிறார். அதை முழுசாக அக்காவின் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தாம் மாடியில், இரண்டு அறை வீட்டில், அக்கா தங்கை இருவர் மட்டும் இருந்துகொண்டிருந்த வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தங்கைக்கு அவள் வேலை செய்யும் இடத்தில் வானொலி என்று பெயர். உண்மைப் பெயரைச் சம்பளப் பிரிவில் மட்டும் வைத்திருந்தார்கள். லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்பு அறை அது. ஜன்னல் கிடையாது, ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள் பதித்த பலகை. ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அந்தக் கட்டடத்தின் விளக்கு எரியும். உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் வானொலியின் காதில் வந்து விழுவார். பழுது நீக்குகிறவர் போய்க் கதவைத் திறக்கும்வரை அவரைப் பேச்சிலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகச் சுவரில் ஒரு கட்டளை மாட்டியிருந்தது: இணைப்பில் மௌனம் கூடாது. மௌனம் வந்தால் உள்ளே இருப்பவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைப்பார். அப்படி நினைத்தவர் கதவை உதைப்பார். உதைத்த கதவுக்கு நிறுவனம்தான் செலவு செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கென்றே வானொலி பிறந்திருந்தாள். சண்டை போட்டபடியே லிஃப்டில் ஏறி மாட்டிக்கொண்ட இரண்டு வக்கீல்களை, கதவு திறக்கும்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவள் அவள். மூடிய இடமென்றாலே மூச்சடைக்கிற ஓர் அம்மாளுக்கு, தான் பார்க்காத ஒரு சினிமாவின் கதையைச் சண்டைக்காட்சி சத்தத்தோடு சொன்னவள். ஒரே ஒரு குறைதான். எதிராளி வாயைத் திறந்ததும் மீதி அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை ஒருவர், “நான் சரக்கு லிஃப்டுக்கு...” என்று ஆரம்பித்தார். சரக்கு லிஃப்ட், புரிஞ்சுது, ஆள் வந்துக்கிட்டே இருக்கார் என்று அங்கே ஆளை அனுப்பிவிட்டாள். அவர் சொல்ல வந்தது, சரக்கு லிஃப்டுக்கு எதிரே இருப்பது என்று. பழுது நீக்கும் ஸ்பானர் அண்ணன் கோணிப்பையோடு ஓடி, வியர்க்க விறுவிறுக்க நெம்பித் திறந்து, உள்ளே இருந்த ஒரு மூட்டை வெங்காயத்தைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம், “வெங்காயம் நல்லா இருக்காம்மா, உன்னை ரொம்ப விசாரிச்சுது” என்பார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வானொலி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டதால், நீண்டதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டாள். அக்கா தலையசைத்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள். தங்கை எதைக் கேட்டாலும் புருவத்தாலும் விரலாலும் பதில் வந்தது. குழம்புக்கு உப்புப் போதுமா என்றால் கட்டைவிரல். குடை எங்கே என்றால் முகவாய். அந்தப் பாதி வாக்கியத்தின் மீதி மட்டும் எந்த விரலிலும் வரவில்லை. போகிறாளா, இருக்கிறாளா? வானொலி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தின் முடிவு தெரியாமல் நடமாடினாள். செருப்புக்குள் கல் மாட்டியதுபோல இருந்தது.

புதன்கிழமை மதியம் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. வானொலி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வணக்கம், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், இன்னிக்கு உங்களுக்குக் காத்தாட ஒரு சின்ன ஓய்வு கிடைச்சிருக்கு என்று தன் வழக்கமான ஊர்வலத்தைத் தொடங்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல், காற்றில் கரைந்துவிடுகிற மாதிரி, கெஞ்சியது.

“தயவுசெஞ்சு பேசாதீங்க. குழந்தை இப்பத்தான் தூங்கிச்சு.”

வானொலி வாயை மூடினாள். பிறகு கட்டளை நினைவுக்கு வந்து திறந்தாள். “ஆனா சார், நாங்க...”

“உஸ்ஸ்.”

மூடினாள்.

அந்த அப்பாவுக்குப் பயமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அழுதழுது ஊரைக் கூட்டிய குழந்தையை லிஃப்டின் ஆட்டம்தான் தூங்கவைத்ததாம். நின்றதும் விழித்துவிடுமோ என்பதுதான் அவர் கவலையெல்லாம். இணைப்பை வைக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், சும்மா இருங்க போதும் என்று கிசுகிசுத்தார். சும்மா இருப்பது எப்படி என்று வானொலிக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு வாய்க்குள் வளர்ப்புப் பிராணிபோல அங்குமிங்கும் ஓடியது. மேற்பார்வை செய்யும் மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கையை வாய்போல மடக்கித் திறந்து மூடி, பேசு பேசு என்று சைகை காட்டினாள். வானொலி இரண்டு கைகளாலும் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டினாள். மேடம் அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ, வாழ்த்துச் சொல்வதுபோலத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் அது நடந்தது.

முதலில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்குள் ஒரு ‘ம்ம்ம்’ இருந்தது. லிஃப்டின் விளக்கு முனகுகிறது. அதற்கும் அடியில் எங்கோ மேலே இரும்புக்கயிறு தன் பாரத்தைச் சற்று மாற்றிப் பிடித்துக்கொள்கிறது. அந்த அப்பா ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சாய்கிறார். தோல் செருப்பு லேசாக முறுமுறுக்கிறது. இதற்கெல்லாம் நடுவே, ரொம்பப் பக்கத்தில், குழந்தையின் மூச்சு. உள்ளே போகிறது, யோசிக்கிறது, வெளியே வருகிறது. யோசிக்கிற அந்த இடத்தில் வானொலியின் மூச்சும் நின்றது. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. மறுபடி காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அது வந்து சேர்ந்தபோது, யாரோ அவளுக்கென்றே பொதி கட்டி அனுப்பியதுபோல ஒரு குதூகலம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் காது வரை ஏறியது. அதில் அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. முடித்துவைக்க வேண்டியதுகூட இல்லை. தானே தொடங்கி, தானே முடிந்து, தானே மறுபடி தொடங்குகிற ஒன்றின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

ஸ்பானர் அண்ணன் கதவைத் திறந்தபோது அந்த அப்பா, “ரொம்ப நன்றிம்மா, நீங்க பேசினது ரொம்ப ஆறுதலா இருந்துச்சு” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். வானொலி சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு நடந்துபோனதைப் பார்த்திருந்தால் யாரும் அவள் குடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். படிக்கட்டில் தன் செருப்புச் சத்தம் ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு என்று கண்டுபிடித்து, உறுதிசெய்துகொள்ள மறுபடி மேலே ஏறி இறங்கினாள். பஸ்ஸின் பின்கதவு மூடும்போது பெருமூச்சு விடுகிறது, முன்கதவு தும்முகிறது. எத்தனை வருஷமாக இதே பஸ்? பின் இருக்கையில் இரண்டு பெண்கள், இரவல் வாங்கிய தையல் இயந்திரம் ஒன்றைப் பற்றி அடித்துக்கொண்டார்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று முதல் வார்த்தையிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டியவள், கடைசி வரை கேட்டாள். நியாயம் மூன்று தடவை இடம் மாறியது. அவர்கள் சமாதானமாகும்போது இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. திரும்பி நடந்தாள். பழக்கடையில் தராசுத் தட்டு, சலவைக்கடையில் நீராவி, யாரோ ஒருவர் சாவிக்கொத்தைத் தேடித் தேடித் தன்னைத்தானே திட்டிக்கொள்வது. உலகம் இவ்வளவு நாளும் அவள் பேச்சு எப்போது ஓயும் என்று வாசலில் வரிசையாக நின்றிருந்த மாதிரி இருந்தது. ஓய்ந்ததும் மொத்தமாக உள்ளே வந்துவிட்டது.

வீட்டில் அக்கா வருவதற்குக் காத்திருந்தாள். சாவி திரும்பியது. ஒரு செருப்பு விழுந்தது. இடைவெளி. இன்னொரு செருப்பு. அக்கா காப்பி கலக்கினாள். கரண்டி மெல்லச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. வானொலிக்கு உடம்பு சிலிர்த்தது. புரிந்துவிட்டது. அந்தச் செருப்பு இடைவெளியில் கடலோர ஊரை நினைத்திருக்கிறாள். கரண்டி நின்ற இடத்தில் தங்கையை நினைத்திருக்கிறாள். அப்படியென்றால் போக மாட்டாள், ஆனால் போகாததற்காக வருத்தப்படுவாள்...

அங்கேயே தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். வாயை மூடியும் வேலை நடக்கிறது. அக்காவின் வாக்கியத்தை இப்போது கரண்டியிலிருந்து திருடிக்கொண்டிருக்கிறாள். கேட்பதென்றால், கேட்டதற்கு மேலே ஒரு பிடி கூடப் போடாமல் இருப்பதும்தான் போலிருக்கிறது. கரண்டி நின்றது. ஏன் நின்றது? தெரியாது. அந்தத் ‘தெரியாது’வை அவள் வாய்க்குள் போட்டுச் சப்பிப் பார்த்தாள். ஆச்சரியம், கசக்கவில்லை.

அக்கா அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போனாள். வழக்கமாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை வானொலி அரை நேரம் விடுப்புச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியின் வீட்டுக்குப் போய் நின்றாள். தான் பஸ் நிறுத்தத்தில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்படியானால் உங்க அக்கா வர்றாங்களா என்று அவர் கேட்டார். தெரியாது சார் என்றாள். அப்போ வரலையா என்றார். அதுவும் தெரியாது சார் என்று, பரிசு வாங்கியவள்போல முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமைக்கு மேல் தாங்காது, எதுவாக இருந்தாலும் உங்க அக்கா நேரில் சொல்லட்டும், உங்க வீட்டிலிருந்து வேறு யாரும் தயவுசெய்து சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். மேடம் கைப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பலகையின் கீழ் மூலையில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரிந்து அவள் பார்த்ததே இல்லை. அது அவர்கள் குடியிருக்கும் கட்டடம். தானாகப் பழுதாகி நின்றால் சிவப்பு எரியும். உள்ளே இருப்பவரே நிறுத்தும் பொத்தானை இழுத்தால் மஞ்சள். இது மஞ்சள்.

“வணக்கம், பயப்படாதீங்க, நான்...”

“தெரியும், நீ அங்கதான் இருப்பேன்னு,” என்றது அக்காவின் குரல். நாலு நாளாகக் கேட்காத குரல். “வீட்டுல இருந்தா நீ பாதியில எழுந்து அடுப்பைப் பாக்கப் போவ. அங்க உன்னால எழுந்துக்க முடியாது. அதான் இதை இழுத்துட்டேன். தப்புத்தான். வேற வழி தெரியல. நாளைக்குப் பதில் சொல்லணும்.”

வானொலியின் வாய்க்குள் குறைந்தது இருபது வாக்கியங்கள் முண்டியடித்தன. அக்கா நீயா, ஏன் அக்கா, முதலாளியைப் பாத்தேன் அக்கா, பொத்தானை விடு அக்கா, அபராதம் போடுவாங்க அக்கா. எல்லாவற்றையும் உள்ளேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். விதிப்படி ஸ்பானர் அண்ணனுக்குத் தகவல் போயாக வேண்டும். அவரை அழைக்கும் பொத்தானை விரலால் அமுக்கினாள். அவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். மேடம் தலையைத் தூக்கி, ஏன் மௌனம் என்று புருவத்தால் கேட்டாள். விதியும் மீறக்கூடாது, அக்காவின் பேச்சும் கெடக்கூடாது. அந்த நெருக்கடியில் வானொலியின் தொண்டையிலிருந்து தமிழின் மிகச் சின்ன ஒலி ஒன்று வெளியே வந்தது.

“ம்.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு.

“நான் போக வேண்டாம்னுதான் முதல்ல நெனச்சேன்,” என்றாள் அக்கா. “உனக்காகத்தான்னு நெனச்சேன். நீ தனியா இருப்பியே, கதவைப் பூட்டாம தூங்கிடுவியே, அடுப்பை அணைக்க மறந்துடுவியேன்னு.”

“ம்.”

“இல்ல. அது இல்ல.” கொஞ்ச நேரம் லிஃப்டின் விளக்கு மட்டும் முனகியது. “அடுப்பை அணைக்க மறக்கறது நான்தான். நீதான் மறக்கறேன்னு சொல்லிச் சொல்லி நான் நல்ல அக்காவா இருந்துட்டேன். அது சௌகரியமா இருந்துச்சு.”

வானொலி மேசையிலிருந்த அழிப்பானை எடுத்துப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டாள். ‘ம்’ என்பதில் இத்தனை வகை உண்டென்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. சிலது தள்ளும், சிலது இழுக்கும். எதையும் செய்யாமல் வெறும் தரையாக இருக்கிற ஒன்றும் உண்டு. அதைத் தேடிப் பிடித்துப் போட்டாள்.

“முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை கடையில கணக்கெடுப்புன்னு சொன்னேன்ல. பொய். அந்த ஊருக்குப் போனேன். யார்கிட்டயும் சொல்லல. கடை இன்னும் காலியா இருக்கு, ஒரே சுண்ணாம்பு வாசனை. மாடியில ஒரு ரூம். ஜன்னல் இறுகிக் கிடந்துச்சு. திறக்க முடியலை. கண்ணாடி வழியா கடல் தெரிஞ்சுது. எனக்கு என்ன தோணுச்சோ, பையிலிருந்த பரிசோதனை வில்லை ஒண்ணை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டேன். நமக்கு ஒத்துவராத பவர். கடல் மொத்தமும் கலங்கி, தண்ணி எது வானம் எதுன்னு தெரியாம, நீல நீலமா... நான் தனியா நின்னு சிரிச்சேன்டி. ரூமே எதிரொலிச்சுது. என் சிரிப்பு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. உன் சிரிப்போட சேத்துத்தான் கேட்டிருக்கேன்.”

வானொலி ‘ம்’ போட மறந்தாள். மேடம் எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நிற்கட்டும். ஹெட்போனின் பஞ்சை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்காவை இருபத்தைந்து வருஷமாகத் தெரியும் என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒத்துவராத வில்லை வழியாகக் கடலைப் பார்த்து வெற்று அறையில் சிரிக்கிற ஒருத்தி, அடுத்த அறையிலேயே, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். யார் இவள்? அந்தக் கேள்வி பயமாக இல்லை. ஊஞ்சல் மேலே போய் ஒரு கணம் நிற்குமே, அந்த இடத்தில் வயிற்றில் ஏற்படுவதுபோல இருந்தது.

“இருக்கியா?” என்றாள் அக்கா.

“ம்.”

“அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். உன்னை விட்டுட்டுப் போறது பயமில்ல. போன இடத்துல உன்னை நெனைக்காமயே ஒரு நாள் முழுக்கப் போயிடுமோ, அது எனக்குப் புடிச்சுப்போயிடுமோன்னு...” அக்காவின் குரல் உடைந்தது என்றுதான் வானொலி நினைத்தாள், நினைத்ததைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். உடையவில்லை. அது சிரிப்பு. மெல்ல, ஓரத்தில் கசிந்து, பிறகு அடக்க முடியாமல் லிஃப்டின் தகரச் சுவர்களில் மோதிக் கலகலத்தது. “அய்யோ, என்ன சொல்றேன் பாரு. இதை நான் நெனச்சதே இல்லடி. சொன்ன பிறகுதான் எனக்கே தெரியுது. இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?”

வானொலிக்குக் கண்ணில் நீர் முட்டியது, தோள்கள் குலுங்கின, அழிப்பான் வாயிலிருந்து தெறித்து மேடத்தின் கைப்பைமேல் போய் விழுந்தது. அவள் சத்தமே இல்லாமல் சிரித்தாள். தன் சிரிப்பு அக்காவின் சிரிப்போடு கலந்துவிடக் கூடாது; அது தனியாகக் கேட்க வேண்டும், முழுசாகக் கேட்க வேண்டும். அடக்கியதில் விக்கல் வந்தது. மேடம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கட்டளையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகு வந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. பேச எதுவும் இல்லாததால் வந்ததல்ல. எதையோ தூக்குவதற்கு முன்னால் கைகளைத் தயார்செய்துகொள்கிற மௌனம். வானொலி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். போகிறேன் என்று வரலாம். இருக்கிறேன் என்று வரலாம். அவள் இதுவரை கேள்விப்படாத மூன்றாவது ஒன்றும் வரலாம். எது வந்தாலும் அது அக்காவுடையது. அப்படியே, ஒரு கீறலும் படாமல், முழுசாக வந்து சேர வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

“அதனால நாளைக்கு அவர்கிட்ட நான்...” என்றாள் அக்கா.

வானொலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டங் டங் என்று தகரம் அதிர்ந்தது. ஸ்பானர் அண்ணனின் குரல் கதவுக்கு வெளியிலிருந்து கணீரென்று கேட்டது. பயப்படாதீங்கம்மா, வந்துட்டேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வெளிய எடுத்துடறேன் என்றார். இரும்புக்கழி இடுக்கில் நுழையும் கீச்சொலி. வானொலியின் மேசையில் அவருடைய தொடர்புக் கருவியின் பச்சை விளக்கும் எரிந்தது. இந்தப் பக்கமிருந்து ஒரு சொல் சொன்னால் அவர் திறப்பார், ஒரு சொல் சொன்னால் நிற்பார். விதிப்படி அவரை ஒரு நொடிகூட நிறுத்திவைக்கக் கூடாது. மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். லிஃப்டில் பதித்த மைக்குக்கு வெகு அருகில் வாயை வைத்திருக்க வேண்டும். உதடு பட்ட ஈரம்கூடக் கேட்டது.

“ஏய், அவர் வந்துட்டார்டி. எனக்கு இப்பத்தான் நுனி கையில கிடைச்சிருக்கு. கதவு திறந்துட்டா விட்டுடுவேன். அவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லேன். நான் முடிக்கிற வரைக்கும் திறக்க வேண்டாம்னு சொல்றியா?”